சந்துக்குள் வந்த டாக்டர்

கொரோனா காலத்து தாராவியைக் காப்பாற்றியது யார்? பெரிய மருத்துவமனைகளுக்கு முன்பே விழித்துக்கொண்ட பத்துக்குப் பத்து கிளினிக்குகளின் கதை

2020 ஏப்ரல் 1. மும்பை தாராவியின் பாலிகா நகரைச் சேர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் சயான் மருத்துவமனையில் இறந்துபோனார். தாராவியில் கொரோனா உறுதிசெய்யப்பட்ட முதல் ஆள் அவர்தான். பரிசோதனை முடிவு வந்த நாளும் உயிர் போன நாளும் ஒன்றாகிவிட்டன. அன்று ராத்திரி தொலைக்காட்சி பார்த்தவர்கள் எல்லோரும் மனசுக்குள் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். தாராவிக்குள் நுழைந்துவிட்டது, இனி பிணங்களை எண்ண வேண்டியதுதான்.

அந்தச் செய்தியின் ஓரத்தில் ஒரு சின்ன விவரமும் வந்திருந்தது. காய்ச்சல் கண்டதும் அந்த மனிதர் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்த டாக்டரிடம் போய் மருந்து வாங்கிக்கொண்டார். அது கேட்காத பிறகே சயானுக்குப் போனார். தாராவியில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் இதுதான் வழி. அரசாங்கத்தின் கண்ணுக்கு எட்டுவதற்கு முன் ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு சந்து டாக்டரின் கைக்குத்தான் வருகிறது. அன்றைக்கு அது ஆபத்தாகத் தெரிந்தது. அடுத்த மூன்று மாதத்தில் தாராவியை மீட்டெடுத்ததும் அதே வழிதான்.

பத்துக்குப் பத்து

மாஹிம் ரயில் நிலையத்துக்கும் சயான் ரயில் நிலையத்துக்கும் நடுவே, மித்தி ஆற்றுக்குத் தெற்கே, ஏறக்குறைய இரண்டரை சதுர கிலோமீட்டர் நிலம். அதில் வாழ்கிறவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. ஆறரை லட்சம் என்பார்கள், பத்து லட்சம் என்பார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் சதுர கிலோமீட்டருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். பம்பாய்த் தமிழர் 'கோலி' என்று சொல்லும் ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்குகிறார்கள். இடம் போதாவிட்டால் மேலே ஒரு தட்டு, அதற்கு இரும்பு ஏணி. மக்களில் எண்பது சதவீதம் பேருக்குச் சொந்தக் கழிப்பறை கிடையாது, பொதுக் கழிப்பறைதான். 'ஆறடி தள்ளி நில்லுங்கள்' என்ற அறிவிப்பை, மூன்றடி அகலச் சந்தில் நிற்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

தாராவி நமக்கு அந்நிய ஊரல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே போய்ச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். 90 அடி ரோட்டில் நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகை கண்ணில் படும். பிள்ளையார் கோயில் இருக்கிறது, காமராஜர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. விடிவதற்கு முன் வெந்த இட்லிகள் அலுமினியப் பாத்திரங்களில் ஏறி மும்பையின் தெருமுனைகளுக்குப் போகின்றன. பக்கத்துத் தெருவில் சௌராஷ்டிரத்துக் குயவர்களின் கும்பார்வாடா. அதற்கும் முன்னால் வந்த கோலி மீனவர்களின் கோலிவாடா. உத்தரப்பிரதேசத்துத் தையல்காரர், பீகாரின் ஜரிகை வேலைக்காரர் என்று நாட்டின் பாதி அங்கே கூடியிருக்கிறது.

இத்தனை பேருக்கும் பொதுவான ஒரு இடம் உண்டென்றால் அது கிளினிக். சிலர் 'தவாகானா' என்பார்கள். பத்துக்குப் பத்து அறை. பாதியில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ரெக்சின் தைத்த மேசை, ரத்த அழுத்தக் கருவி. இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் இடம் இல்லாதவர்கள் வெளியே சாக்கடைப் பலகை மேல் நிற்பார்கள். எம்.பி.பி.எஸ். படித்தவரும் இருப்பார்; ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி படித்தவரும் இருப்பார். பார்க்கும் கூலியும் மூன்று நாள் மாத்திரையும் சேர்த்து வாங்குவது சொற்பம். அதுவும் கையில் இல்லையென்றால் சம்பளம் வந்த பிறகு. டாக்டருக்கு மராத்தியும் இந்தியும் வரும், தமிழ் கொஞ்சம் காதில் விழுந்து பழகியிருக்கும். யார் வீட்டில் சர்க்கரை, யார் வீட்டில் காசநோய், எந்தப் பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சொல்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் மனசில் பதிந்திருக்கும்.

இந்தக் கிளினிக்குகளை நான் தங்கத்தால் இழைக்க வரவில்லை. தேவையில்லாத ஊசி, ரெண்டு நாள் காய்ச்சலுக்கே ஆன்டிபயாட்டிக், காசநோயை இருமல் மருந்தில் மறைத்து மாதக்கணக்கில் இழுத்தடிப்பது என்று பொதுச் சுகாதாரத் துறையினர் அடுக்கும் குறைகளில் உண்மை இருக்கிறது. ஆனால், ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தைக்கு ஜன்னி கண்டால் ஒரு தாய் நடந்து போகும் தூரத்தில் விளக்கு எரிவது அங்கேதான். வேலை நேரம் முடிந்த பிறகு போகலாம். அரை நாள் கூலி போகாது. சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். ஏழைகள் அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்ததில் தெளிவான கணக்கு இருக்கிறது, அறியாமை இல்லை.

கதவு சாத்திய வாரம்

மார்ச் கடைசி வாரத்தில் அந்த விளக்குகள் பல அணைந்தன. டாக்டர்களிடம் நல்ல முகக்கவசம் கிடையாது, கவச உடை கிடையாது. அறையில் காற்று புகுந்து வெளியேற ஜன்னல் கிடையாது. இருமுகிறவர் முகமும் டாக்டர் முகமும் ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும். அறுபது வயதைக் கடந்த டாக்டர்கள் பயந்தார்கள். பயப்படாமல் இருந்தால்தான் அதிசயம். நகரம் முழுவதுமே கிளினிக்குகள் மூடத் தொடங்கின. திறக்காவிட்டால் உரிமம் ரத்தாகும் என்று நிர்வாகம் எச்சரிக்கும் அளவுக்குப் போனது.

கிளினிக் மூடினால் காய்ச்சல் மறைந்துவிடுமா? கோலிக்குள் முடங்கிப் படுத்துக்கொள்ளும். மருந்துக்கடையில் பேரைச் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடும். மூச்சு முட்டுகிற கட்டத்தில்தான் சயான் மருத்துவமனையின் வாசலுக்கு வரும். அதற்குள் ஒரு கோலியில் எட்டுப் பேருக்கும் தொற்றியிருக்கும். தாராவிக்கு அந்தச் சில நாட்கள்தான் மிகப் பெரிய கண்டம்.

தாராவி, தாதர், மாஹிம் மூன்றும் அடங்கிய ஜி-வடக்கு வார்டின் உதவி ஆணையராக அப்போது இருந்தவர் கிரண் திகாவ்கர். அவரிடம் இருந்த சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு அத்தனை சந்துக்குள்ளும் போக முடியாது. போனாலும் கதவு திறக்காது. காய்ச்சல் என்று சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம் பரவியிருந்தது. அப்போதுதான் மாநகராட்சி சந்து டாக்டர்களிடம் போனது. மாஹிம்-தாராவி மருத்துவர்கள் சங்கத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட தனியார் டாக்டர்கள் முன்வந்தார்கள். கவச உடை, முகக்கவசம், வெப்பமானி, ஆக்ஸிமீட்டர் எல்லாம் மாநகராட்சி கொடுத்தது. டாக்டர்கள் கொடுத்தது தங்கள் முகத்தை.

கவச உடைக்குள் முகம் தெரியாதே என்று கேட்கலாம். குரல் தெரியும். 'நான்தான், கதவைத் திற' என்று பல வருஷம் பழகிய குரல் கூப்பிட்டால் தாராவியில் கதவு திறக்கும். மாநகராட்சியின் ஒலிபெருக்கிக்குத் திறக்காத கதவு அது.

ஏப்ரல் மாதத்து மும்பை வெயிலை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், கடல் ஈரமும் சேர்ந்து ஆளைப் பிழிந்துவிடும். தகரக் கூரைகளுக்கு நடுவே, காற்றே புகாத பிளாஸ்டிக் உடையில், ஏணி ஏறி இறங்கி, வீடு வீடாக வெப்பமானியை நெற்றியில் காட்டினார்கள். உள்ளே வேர்வை ஊற்றுகிறது. தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறை போக முடியாது. வீட்டு வாசலிலேயே ஆட்களைப் பார்த்து அவர்கள் எட்டியது சுமார் 47,500 பேரை. சில நாட்களுக்குப் பிறகு இந்த முறை உடம்புக்குத் தாங்காது என்று ஆனது. அதனால் திட்டத்தை மாற்றினார்கள். ஒவ்வொரு பகுதியிலும் காய்ச்சல் முகாம் போட்டு, மக்களை அங்கே வரவழைத்தார்கள். அந்த முகாம்களில் இன்னும் பலரைப் பார்த்தார்கள். கிளினிக்குகளையும் திறக்க வைத்தார்கள். சந்தேகப்படும்படி யார் வந்தாலும் உடனே மாநகராட்சிக்குத் தகவல் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பும் இடமாக இருந்த கிளினிக், நோயை முதலில் மோப்பம் பிடிக்கும் இடமாக மாறியது.

வயதானவர்களைத் தனியாகக் கவனித்தார்கள். 8,246 முதியவர்களின் விவரம் எடுத்து, விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, ஆக்ஸிஜன் அளவு குறைந்தவர்களை உடனே பிரித்தார்கள். கொரோனாவில் மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கிவிடுவதுண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த கிழவர் மறுநாள் காலையில் எழுந்திருக்க மாட்டார். விரலில் கவ்வும் அந்தச் சிறு கருவி எத்தனை உயிர்களைக் காப்பாற்றியது என்று யாரும் தனியாக எண்ணிப் பார்க்கவில்லை.

1896-ல் நடந்தது

மும்பைக்கு இது இரண்டாம் பாடம். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் விநோதமான காய்ச்சலால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, இது பிளேக் என்று முதலில் கண்டறிந்தவர் அக்காசியோ வியேகஸ் என்ற கோவாக்கார டாக்டர். அவர் வைத்திருந்ததும் ஒரு தனியார் கிளினிக்தான். நோயாளி வீட்டுக்குப் போய், படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தார். மெட்ரோ சினிமாவுக்கு எதிரே இன்றும் அவர் சிலை நிற்கிறது.

அவர் கண்டுபிடித்த பிறகு அரசாங்கம் செய்தது வேறு. வீடு புகுந்து சோதனை போட்டார்கள். நோயாளிகளைக் கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், பொருட்களை எரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று ஜனங்கள் நம்பினார்கள். 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். புனேயில் பிளேக் சோதனைக்குப் பட்டாளத்தை இறக்கிய அதிகாரி ராண்டை 1897 ஜூனில் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். 1898 மார்ச்சில் மும்பை மதன்புராவில் நெசவாளர்கள் பிளேக் சோதனைக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அந்தக் காலத்தில் வந்ததுதான் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டம். 2020-ல் மகாராஷ்டிரம் கையில் எடுத்ததும் அதே சட்டத்தைத்தான்.

சட்டம் மாறவில்லை. ஆனால் 2020 தாராவியில் கல்லெறி இல்லாமல் வேலை நடந்தது. காரணம், இந்த முறை சந்துக்குள் முதலில் போனவர் அந்தச் சந்துக்குத் தெரிந்தவர். என் கணிப்பில், தாராவியின் கதையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கனமானது. நம்பிக்கையை நோய் வந்த பிறகு தயாரிக்க முடியாது. இருபது முப்பது வருஷம் நள்ளிரவில் கதவு திறந்து சேர்த்துவைத்த கையிருப்பு அது. மாநகராட்சி அதைக் கடன் வாங்கியது.

சோறும் மருந்துதான்

கடன் வாங்கிய நம்பிக்கையை அங்கே வீணடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொற்று உள்ளவரை வீட்டிலேயே தனியாக இரு என்று சொல்வதற்கு தாராவியில் வழியே இல்லை. அதனால் ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகம், மாநகராட்சிப் பள்ளிகள், திருமணக் கூடங்கள் என்று கிடைத்த இடத்தையெல்லாம் தனிமைப்படுத்தும் முகாம்களாக்கினார்கள். தனியாருக்குச் சொந்தமான சாய் மருத்துவமனையை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. இருநூறு படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றைப் பதினான்கு நாளில் எழுப்பினார்கள். பொதுக் கழிப்பறைகளை ஒரு நாளைக்குப் பல தடவை மருந்தடித்துக் கழுவினார்கள்.

முகாமில் மூன்று வேளைச் சாப்பாடு இலவசமாகக் கிடைத்தது. டாக்டர் அங்கேயே இருந்தார். ரம்ஜான் மாதம் ஏப்ரல் கடைசியில் தொடங்கியபோது நோன்பு திறக்கவும் ஏற்பாடு செய்தார்கள். முதலில் போனவர்கள் வீட்டுக்கு போன் போட்டு, 'சாப்பாடு நல்லா இருக்கு, பயப்படாத' என்று சொன்னால் அடுத்த வீட்டுக்காரருக்கும் துணிச்சல் வராதா? கூலி நின்றுபோன வீட்டில், ஒரு ஆள் முகாமுக்குப் போவது பானையில் ஒரு பங்கு மிச்சமாவதும்கூட.

வெளியே இருந்தவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். தெருவை அடைத்துவிட்டால் பசி தாங்காமல் ஆள் வெளியே வரத்தான் செய்வார். 25,000-க்கும் மேற்பட்ட மளிகைத் தொகுப்புகள், மதியமும் இரவும் 21,000-க்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்கள் என்று சமூகச் சமையற்கூடங்கள் ஓடின. மாநகராட்சி கொடுத்தது ஒரு பங்கு. தொண்டு நிறுவனங்கள், மசூதிகள், கோயில்கள், அந்தந்தப் பேட்டையின் இளைஞர்கள் கொடுத்தது மீதி. மருத்துவக் கணக்கில் இதைச் சேர்க்க மாட்டார்கள். சேர்க்க வேண்டும். பசித்தவனிடம் 'வெளியே வராதே' என்று சொல்வது மருந்துச் சீட்டாகாது.

இதற்கெல்லாம் அடித்தளமாக இருந்தவர்களை இதுவரை நான் சொல்லவில்லை. மும்பை மாநகராட்சியின் சமூக சுகாதாரத் தொண்டர்கள், அத்தனை பேரும் பெண்கள். அதே சந்துகளில் வாழ்கிறவர்கள். போலியோ சொட்டு மருந்து, கர்ப்பிணிகளின் பதிவு, காசநோய் மாத்திரை என்று வீடு வீடாக நடந்தே பழகியவர்கள். டாக்டர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எந்தக் கோலியில் கிழவி தனியாக இருக்கிறாள் என்று சொன்னது இவர்கள்தான். தாராவியில் பார்க்கப்பட்டதாக அரசு சொன்ன ஐந்தரை லட்சம் பேரில் பெரும் பங்கு மாநகராட்சிப் பணியாளர்களின் வீட்டுக் கணக்கெடுப்பில் வந்தது. அதில் தேய்ந்தது இந்தப் பெண்களின் செருப்பும். இவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். தங்களைப் பணியாளர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறார்கள். தொற்றுக்கு நடுவில் கை தட்டினார்கள், பூத்தூவினார்கள். கோரிக்கை அப்படியே இருந்தது.

ஐம்பத்தேழு சதவீதம்

பலன் எண்களில் தெரிந்தது. ஏப்ரலில் தொற்று வளர்ந்த வேகம் 12 சதவீதம். மே மாதம் 4.3, ஜூனில் 1.02. தொற்று இரட்டிப்பாக ஏப்ரலில் 18 நாள் ஆனது. ஜூனில் 108 நாள். ஜூலை 7 அன்று தாராவி முழுவதற்கும் ஒரே ஒரு புதிய தொற்றுதான். மூன்று நாள் கழித்து, உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு உதாரணமாக இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியா ஆகியவற்றோடு தாராவியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 25-ல், தொற்று தொடங்கியதிலிருந்து முதல்முறையாகப் புதிய தொற்று எதுவுமில்லாத நாள் வந்தது. அன்றுவரை உறுதியானவை 3,788. இறந்தவர் முந்நூற்றுச் சொச்சம்.

இங்கே நின்று இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அதில் ஒன்று தாராவியை ஒட்டிய மாட்டுங்கா, சயான் பகுதி. குடிசைப் பகுதிகளில் எடுத்த மாதிரிகளில் 57 சதவீதத்தில் கொரோனா வந்துபோன அடையாளம் இருந்தது. மற்ற இடங்களில் 16 சதவீதம். தாராவிக்குள் எடுத்த கணக்கல்ல அது. ஆனால் தாராவியில் மட்டும் வேறாக இருந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அதோடு, மே மாதத்தில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் சொந்த ஊர்களுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். நெரிசல் தானாகவே குறைந்தது. அங்கே வாழ்கிறவர்களில் இளவட்டம் அதிகம் என்பதும் சேர்ந்தது.

அப்படியானால் டாக்டர்கள் நடந்ததெல்லாம் வீணா? இல்லை. வைரஸைத் துரத்திப் பிடித்து நிறுத்திவிட்டார்கள் என்ற வீரக்கதையை நான் நம்பவில்லை. அவர்கள் செய்தது அதைவிட நுட்பமானது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வராமல் பரவலை இழுத்து நீட்டினார்கள். மூச்சு முட்டப்போகிறவரை முட்டுவதற்கு முன்பே அடையாளம் கண்டு ஆக்ஸிஜன் இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். சயான் மருத்துவமனைக்கு அப்போது இருந்த சுமைக்கு, தாராவியிலிருந்து இன்னும் ஆயிரம் பேர் கடைசிக் கட்டத்தில் வந்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயத்தையும் குறைத்தார்கள். மாநகராட்சியின் புள்ளிவிவரத்தில் பயத்துக்கு ஒரு வரிசை கிடையாது. அது குறைந்ததால்தான் மற்ற வரிசைகளில் எண்கள் இறங்கின.

கண்ணில் படாமல் போன நஷ்டமும் இருந்தது. நாடு முழுவதும் 2019-ல் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம். 2020-ல் 18 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு நோய் வராமல் போய்விடவில்லை. கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவுதான். தாராவி மாதிரியான இடத்தில் காசநோய் வீட்டு விருந்தாளி. கிளினிக் மூடிக்கிடந்த வாரங்களில் மாத்திரை நின்றவர்கள், இன்சுலின் கிடைக்காதவர்கள், பிரசவ வலியோடு வண்டி தேடியவர்கள் பற்றி யாரும் தினசரி அறிக்கை வெளியிடவில்லை.

திருப்பிக் கொடுத்தது என்ன?

முதல் அலையில் மட்டும் நாடு முழுவதும் எழுநூறுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் இறந்ததாக இந்திய மருத்துவ சங்கம் கணக்கு வைத்திருந்தது. அவர்களில் தனியாகக் கிளினிக் வைத்திருந்தவர்களும் உண்டு. தொற்றுப் பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்தது. நவி மும்பையில் ஆயுர்வேதம் படித்த டாக்டர் ஒருவர் இருந்தார். கிளினிக்கைத் திறந்து வைக்காவிட்டால் நடவடிக்கை என்று மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. திறந்து வைத்தார். 2020 ஜூனில் கொரோனாவில் இறந்துபோனார். மனைவி காப்பீடு கேட்டார். உங்கள் கணவர் நடத்தியது கொரோனா மருத்துவமனை அல்ல, அரசு அவரைப் பணிக்கு அழைக்கவும் இல்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மும்பை உயர் நீதிமன்றமும் 2021 மார்ச்சில் அதை ஏற்றுக்கொண்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

அந்த நோட்டீசையும் அந்த நிராகரிப்புக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க என்னால் முடியவில்லை. கதவைத் திற என்று சொன்ன அரசு, திறந்தவர் செத்த பிறகு 'நாங்கள் கூப்பிடவில்லையே' என்றது. அடுத்த கொள்ளைநோய் வரும்போது எந்த முகத்தோடு அந்தக் கதவுகளைத் தட்டப்போகிறோம்?

தாராவியிலிருந்து கிளம்பிய பஸ்களில் பல நம் பக்கம்தான் வந்தன. 2020 மே மாதம் திருநெல்வேலி எல்லையில் கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர்களை இறக்கிப் பரிசோதித்தார்கள். தமிழக அரசின் அன்றாட அறிக்கையில் அவர்களுக்குத் தனிக் கணக்கே இருந்தது. ஊருக்குள் சிலர் அவர்களை நோயைச் சுமந்து வந்தவர்களாகப் பார்த்ததை மறக்க முடியாது. அவர்களை முதலில் தொட்டுப் பார்த்தவர் யார் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர். சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை சந்துகளில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு நாளைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட காய்ச்சல் முகாம்கள், சாமியானாவுக்குக் கீழே ஒரு டாக்டர், கபசுரக் குடிநீர், துத்தநாக மாத்திரை. ஜூலை மாத ரத்தப் பரிசோதனையில் சென்னை முழுவதற்கும் சுமார் 21 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது; தண்டையார்பேட்டையில் மட்டும் 44. நெருக்கமாக வாழ வைக்கப்பட்டவர்களிடம் நோய் முதலில் போனது. எந்த ஊரிலும் இது மாறவில்லை.

தமிழ்நாட்டுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே அந்த முதல் கதவு பல இடங்களில் அரசுடையது. சம்பளம் வாங்கும் டாக்டர், மாத்திரை வந்து சேரும் வழி, மேலே கேள்வி கேட்க ஒரு துறை எல்லாம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. தொற்றுக்காலத்தில் கற்ற நடையை நோய் தணிந்த பிறகும் விடாமல் வைத்திருப்பது என்று இதைச் சொல்வேன். தாராவியில் அப்படி எதுவும் நிலைக்கவில்லை. முகாம்கள் கலைந்தன. டாக்டர்கள் தங்கள் பத்துக்குப் பத்து அறைக்குத் திரும்பினார்கள். 2021 ஏப்ரல் 8-ல் இரண்டாம் அலை ஒரே நாளில் 99 பேரைப் பிடித்தபோது அதே டாக்டர்கள், அதே பெண் தொண்டர்கள் மறுபடியும் இறங்கினார்கள். ஜூன் 14-ல் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. தடுப்பூசிக்கு மக்கள் தயங்கியபோது, 'நான் போட்டுக்கிட்டேன், பாரு' என்று கையைக் காட்டவும் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

பிறகு தாராவியின் சந்துகளுக்குள் வேறு கணக்கெடுப்பு வந்தது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மாநில அரசுக்கு அதில் 20 சதவீதப் பங்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்கிறவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கும், இரும்பு ஏணி ஏறி மேல்தட்டில் வாழ்கிறவர்களுக்கும் நகரத்தின் வேறு மூலைகளில் வீடு. தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் முலுண்ட், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பள நிலமும் அதற்காகப் பேசப்படுகின்றன. நல்ல வீடு, சொந்தக் கழிப்பறை, வெளிச்சம், காற்று: தாராவிக்காரர்களுக்கு இவை எப்போதோ கிடைத்திருக்க வேண்டியவை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் ஒரு சந்து கலைந்து மூன்று திசைக்குப் போகும்போது அந்தச் சந்தின் டாக்டர் எங்கே போவார்? கோலிக்கு எண் இருக்கிறது, கடைக்கு எண் இருக்கிறது. யார் வீட்டுக் கிழவிக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று ஒரு மனிதருக்குத் தெரிந்திருப்பதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. புதிய கட்டடங்களின் வரைபடத்தில் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கும். தரைத்தளத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கும் நடந்து போய்ச் சேரும் தூரத்தில், அந்த டாக்டர்கள் வாடகை கொடுத்து உட்காரக்கூடிய அறைகளும் இருக்குமா என்று வரைபடத்துக்கு மை காய்வதற்குள் கேட்டாக வேண்டும். அவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. தகுதியுள்ள ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் 350 சதுர அடியில், தாராவியின் கிளினிக்குகள் மூன்று அடங்கும்.